ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

வீடு அமைதியாக இருந்தது. இந்த வீட்டை அறிந்தவர்களுக்கு இதைவிடக் கலவரமான செய்தி வேறு கிடையாது.

கொக்கி சத்தமில்லாமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எட்டு வயதுக்காரி. எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு கேள்விக்குறி வந்து மாட்டிக்கொள்ளும் என்பதால் மாமா வைத்த பெயர் அது. அந்தப் பெயரையும் அவள் சும்மா விடவில்லை. "கொக்கிக்குக் கீழ புள்ளி இருக்காதே மாமா, கேள்விக்குறிக்கு மட்டும் ஏன் இருக்கு?" என்று கேட்டாள். மாமா அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அவளைப் பள்ளிக்கூடத்து ஆலோசகர் உட்காரவைத்துப் பேசிப் பார்த்ததும், பிறகு அம்மாவையும் அப்பாவையும் அழைத்ததும் சென்ற அத்தியாயத்துக் கதை.

"உங்க பொண்ணு மீத்திறன் உள்ள குழந்தை. புத்திக்குப் பதினாலு வயசு, உடம்புக்கு எட்டு, அழுகைக்கு நாலு. மூணு பேரையும் நீங்க ஒரே நேரத்துல வளர்க்கணும்" என்றார் அந்த அம்மாள்.

அம்மாவுக்கு அன்றைக்குத்தான் பல விஷயம் விளங்கியது. சட்டைக் காலருக்குப் பின்னால் தைத்திருக்கும் துணித் துண்டு உறுத்துகிறது என்று ஒவ்வொரு சட்டையையும் கத்தரிக்க வைப்பது. குதிரை வரைந்து, ஊரே நன்றாயிருக்கிறது என்றாலும், மனசில் இருந்த கால் தாளில் வரவில்லை என்று கிழித்துப் போடுவது. ஏதோ ஒரு நட்சத்திரம் எப்போதோ செத்துவிட்டது என்று படித்துவிட்டு இரண்டு நாள் துக்கம் காத்தது. எல்லாம் அடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

அப்பாவுக்கு விளங்கியதோ வேறு. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனைக்கான கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டால் யாரும் எழுந்து ஓட முடியாது. அப்படி மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் மகளின் பெருமையைச் சொன்னார்.

ஆலோசகர் கடைசியாகச் சொன்ன ஒன்றை அம்மா மட்டும் மறக்கவில்லை.

"இந்த மாதிரிக் குழந்தைங்க, தன்னால எல்லாருக்கும் தொந்தரவுன்னு நினைச்சுட்டா மெதுவா உள்ள போய் கதவச் சாத்திக்குவாங்க. சத்தமே வராது. நாமளும், அப்பாடா நல்ல பிள்ளையாயிட்டான்னு சந்தோஷப்படுவோம். பழகிட்டா அப்புறம் திறக்கறது கஷ்டம்."

அந்த வாரத்திலிருந்துதான் கொக்கி வாயை மூடிக்கொண்டாள்.

"பாரு, எவ்வளவு பொறுப்பா சாப்பிடறா. வளர்ந்துட்டா" என்றார் அப்பா, காபியை உறிஞ்சியபடி.

"பால்ல ஏடு மிதக்குது, பாத்தீங்களா?"

"அதனால என்ன?"

"ஏடு ஏன் மேல வருது, தண்ணிக்கு ஏன் வரல, எருமைப்பாலுக்கு ஏன் தடியா வருதுன்னு அரை மணி நேரம் உயிர வாங்கியிருப்பா. இப்ப ஓரமா ஒதுக்கிட்டுக் குடிக்கறா. எனக்கு என்னமோ சரியாப் படலைங்க."

"கேட்டாலும் புலம்புற, கேக்கலைன்னாலும் புலம்புற."

கொக்கியின் உதடு லேசாக அசைந்தது. ஏதோ சொல்ல வந்தவள்போல் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"எனக்குச் சாயந்திரம் ட்யூஷன் இருக்கு. லேட்டாகும்" என்றபடி அக்கா பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டி, ட்யூஷன் பையை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு போனாள். பதினைந்து வயது. தொந்தரவில்லாத பிள்ளை என்று இரண்டு பக்கத்து உறவிலும் பேரெடுத்தவள்.

"ம்" என்றார்கள் அம்மாவும் அப்பாவும். இரண்டு பேர் கண்ணும் சின்னவள்மேல் இருந்தது.

* * *

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது எக்குத்தப்பாக எதையாவது பேச ஆரம்பித்தாலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சினிமா பார்க்கும்போதுகூட அழுத்துவாள்.

அன்று காலை சலூன் வைத்திருக்கும் ஒருவர் ரிவர்ஸ் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். கத்தியைப் பிடித்தால் கை நடுங்காதவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கியது.

"மெதுவா சார். கண்ணாடியப் பாருங்க. உங்க கடையில இல்லாத கண்ணாடியா?"

அப்போது போன் வந்தது. கொக்கியின் வகுப்பு டீச்சர்.

"கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா? பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று சொல்லி யாராவது அழைத்தால் எந்த அம்மா பயப்படாமல் போயிருக்கிறாள்? சலூன்காரரை அவர் கடை வாசலில் இறக்கிவிட்டு, தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகளில் பாதியை மீறிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள்.

டீச்சர் சின்ன வயதுக்காரி. விரல் நுனியெல்லாம் மார்க்கர் மை. ஆசிரியர் அறையில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"உண்மையச் சொல்லிடறேன் மேடம். முதல் ரெண்டு நாள் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஒரு பாடத்த ஆரம்பிச்ச இடத்துலேருந்து முடிக்கிற இடம் வரைக்கும் தடங்கல் இல்லாம நடத்தினது இந்த வருஷத்துலயே அப்பத்தான்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான் நிம்மதியா இருக்கார்" என்றாள் அம்மா.

"நான் கேட்டா பதில் சொல்றா, அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா அவளா ஒண்ணும் கேக்கறதில்ல. கவனிச்சுப் பாத்தா ஒரு விஷயம் விசித்திரமா இருக்கு. காலைல முழுக்க உதட்ட அசைச்சுக்கிட்டே இருக்கா. கடைசி பெல் அடிக்கப் போற நேரத்துல கையத் தூக்கறா. 'சொல்லும்மா'ன்னா இறக்கிடறா. தினமும் இதே கூத்து. நேத்து இறக்கிட்டுக் கண்ணத் துடைச்சுக்கிட்டா."

அம்மாவின் கால் தரையை அழுத்தியது.

"வகுப்புல யாராவது கேலி பண்றாங்களா?"

"பண்ணினாங்கதான், முன்னாடி. 'ஆரம்பிச்சுட்டாடா'ன்னு பெருமூச்சு விடுவாங்க. இப்ப அவங்களே என்கிட்ட வந்து, 'மிஸ், அவளுக்கு உடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறாங்க." டீச்சர் தன் மை விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "நான் ஏதாவது சொல்லிட்டேனோன்னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே போச்சு மேடம்."

அம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. தன் பிள்ளைக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர் இன்னொருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. அனுமதி வாங்கிக் கொக்கியை அப்போதே அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். யாராவது திட்டினார்களா? இல்லை. அடித்தார்களா? இல்லை. வயிறு வலியா? இல்லை. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையா? பிடிக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். வழக்கமாக இந்தச் சாலையில், சிக்னலில் சிவப்பு ஏன் மேலே இருக்கிறது என்பதில் தொடங்கி வீடு வந்தாலும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று சிக்னல் வந்தது, சிவப்பு எரிந்தது, பச்சையானது. பின்னால் உட்கார்ந்திருந்தவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஆலோசகர் சொன்ன கதவு சாத்தியாகிவிட்டதோ? வண்டியை நேராகக் கண்ணாடிக் கடைக்கு விட்டாள். தனியாகச் சுமக்க முடியவில்லை.

* * *

கடையில் அப்பா ஒரு வாடிக்கையாளர் முன்னால் நின்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"சரி, இப்ப இது... இல்ல, இது?"

"முதல்ல போட்டீங்களே, அது."

"எந்த முதல்ல?"

காலையிலிருந்து மாலைவரை அவர் பிழைப்பே கேள்வி கேட்பதுதான். அதனாலோ என்னவோ வீட்டுக்கு வந்த பிறகு கேள்வி என்றாலே அவருக்குத் தலை கனக்கும். இதை அவர் மனைவி பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

வாடிக்கையாளர் போனதும் அம்மா கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பினாள். அப்பா திடுக்கிட்டார். அந்த நேரத்தில் அந்தப் பலகை திரும்பியதே இல்லை.

டீச்சர் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "என்ன செய்யப் போறோம், சொல்லுங்க" என்றாள்.

அப்பா முழங்காலிட்டு, பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். எவ்வளவு சின்ன முகம் என்று அவருக்கே அப்போதுதான் பட்டது. பெருமை பேசிப் பேசி அவள் அளவையே மறந்துபோயிருந்தார்.

"கண்ணு, என்னடா ஆச்சு? அப்பாகிட்ட சொல்லு. என்னவா இருந்தாலும் சொல்லு."

கொக்கியின் உதடு அசைந்தது. கண்ணை இறுக மூடினாள். கிணற்றில் குதிப்பவள்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நேத்துக் கேக்காத கேள்வி இன்னைக்குச் சேருமா?"

அடுத்த நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் விரிந்தது.

"ஐயோ! இதுவே ஒண்ணாயிடுச்சே! இன்னைக்கும் போச்சு!"

அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நாலு வயது அழுகை. நாற்காலி குலுங்கியது.

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுடா ஒண்ணாச்சு? எது போச்சு?" என்றார் அப்பா.

"இன்னைக்கோட கேள்வி! ஒரு நாளைக்கு ஒண்ணுதானே!"

"யாரு சொன்னா அப்படி?" என்று அம்மா சீறினாள்.

கொக்கி விரலை நீட்டினாள். அப்பாவுக்கு நேராக.

"நானா?" என்றார் அப்பா. "நான் எப்ப..." என்று ஆரம்பித்தவருக்கு நினைவு வந்துவிட்டது.

ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயந்திரம். இதே கடை. அவசரக்காரர் ஒருவர் தன் கண்ணாடி அப்போதே வேண்டுமென்று எதிரில் உட்கார்ந்திருந்தார். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூ ஒன்றை இடுக்கியில் பிடித்துப் பொருத்தப்போகிற நேரம். முழங்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அப்பா, நான் பாக்கற சிவப்பும் நீங்க பாக்கற சிவப்பும் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?" ஸ்க்ரூ துள்ளி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. காந்தத்தோடு தரையில் தவழ்ந்தபடி அவர் கத்தியிருந்தார். "ஒரு நாளைக்கு ஒரு கேள்வி! அவ்வளவுதான் உனக்கு!"

ஸ்க்ரூ கிடைத்தது. அவர் மறந்துபோனார். அவள் சட்டமாக எடுத்துக்கொண்டாள்.

"ஸ்கூல்லயும் ஏன் கேக்கல? அங்க அப்பா இல்லையே" என்றாள் அம்மா.

"எங்கன்னு அப்பா சொல்லல. ஒரு நாளைக்குன்னுதான் சொன்னாங்க. ஸ்கூலும் நாள்லதானே இருக்கு."

அம்மா வேறு பக்கமாக வந்தாள்.

"சரி, அந்த ஒண்ணயாவது தினமும் கேட்டிருக்கலாம்ல?"

கொக்கி விக்கலுக்கு நடுவே விளக்கினாள். "ஒண்ணே ஒண்ணுன்னா நல்லதா இருக்கணும்ல? காலைல ஒண்ணு எடுத்து வைப்பேன். மத்தியானம் அதவிட நல்லது ஒண்ணு வரும். பெல் அடிக்கறதுக்குள்ள கேட்டுடணும்னு கையத் தூக்குவேன். கேட்டப்புறம் இன்னும் நல்லது வந்துட்டா என்ன பண்றதுன்னு இறக்கிடுவேன். வீட்டுக்கு வந்து யோசிப்பேன். யோசிச்சுக்கிட்டே தூங்கிடுவேன். அது வீணாப் போயிடும்."

குதிரைக் காலைக் கிழித்துப் போட்டவள் கேள்வியையும் அப்படியே கிழித்துப் போட்டிருக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. கதவைச் சாத்தவில்லை. பிள்ளை உள்ளே நின்றுகொண்டு எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவது என்று தெரியாமல் தவித்திருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சேரும்டா. கேக்காதது எல்லாம் சேரும். வட்டியோட சேரும். அப்பா சொன்னது தப்பு. அந்தச் சட்டத்த இன்னையோட தூக்கிப் போட்டாச்சு."

கொக்கி அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். பதினாலு வயதுக்காரி வெளியே வந்தாள்.

"எப்ப வேணாலும் கேக்கலாமா?"

"எப்ப வேணாலும்."

"ஸ்க்ரூ போடும்போதும்?"

அப்பா ஒரு கணம் தயங்கினார். பிள்ளையிடம் ஒன்று சொன்னால் அது கல்லில் எழுதினதாகிவிடும் என்று இப்போது பாடம் படித்திருந்தார்.

"ஸ்க்ரூ போடும்போது மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கோ. போட்டு முடிச்சதும் நானே 'ம், கேளு'ங்கறேன்."

"சரி. அப்ப அந்தச் சிவப்பு? ஒண்ணுதானா?"

கண்ணாடிக் கடைக்காரர். கண்ணைப் பற்றித் தெரியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவர். மகளிடம் இதுவரை எதற்கும் 'தெரியாது' என்று சொன்னதேயில்லை. ஒன்று ஏதாவது பதில் சொல்வார், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

"தெரியலடா" என்றார்.

கொக்கிக்கு அழுத முகத்திலேயே வெளிச்சம் வந்தது. "உங்களுக்குமா தெரியல?" என்று கேட்டுவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

* * *

அன்று சாயந்திரம் அந்த வீட்டில் அடைமழை.

நாய்க்குக் கனவு வருமா, வந்தால் அதில் மனுஷன் பேசுவானா? நேற்று என்பது இப்போது எங்கே இருக்கிறது? கண்ணாடி ஏன் இடது வலதை மட்டும் மாற்றுகிறது, தலையையும் காலையும் ஏன் மாற்றுவதில்லை? கார் பிரேக்குக்கு ஒரு கால்தானே வேண்டும், அப்படியானால் அம்மாவின் இன்னொரு காலுக்கு வேலைநேரத்தில் போரடிக்காதா?

அப்பா தெரிந்ததற்குச் சொன்னார், தெரியாததற்குத் தெரியலை என்றார். தெரியலை என்பது ஆரம்பத்தில் தொண்டையில் சிக்கியது. நாலைந்து தடவைக்குப் பிறகு சுகமாகவே இருந்தது. அம்மா அடுப்பைத் துடைத்தபடி டீச்சருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு சமையலறை முழுக்கக் கேட்டது.

"நாளைக்கு வகுப்பு அவ்வளவுதான்" என்றாளாம் டீச்சர். சந்தோஷமாகத்தான்.

வாசல் கதவு திறந்து அக்கா உள்ளே வந்தாள். முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். தங்கையின் குரலைக் கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"வாய் திறந்துடுச்சா? அப்பாடா. வீடு வீடா இருக்கு" என்று தங்கையின் தலையைக் கலைத்துவிட்டாள்.

கொக்கி சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுதான் எல்லாத்தையும் விட நல்லதுன்னு முதல் நாள்லேருந்து எடுத்து வச்சிருந்தேன். ஆனா அதக் கேட்டா யாராவது அழுவாங்களோன்னு தினமும் பயமா இருந்துச்சு."

"பயப்படாம கேளு. எப்ப வேணாலும்னு சொன்னேன்ல?"

"அக்காவுக்குப் பென்சில் சீவி வைக்கலாம்னு அவ பையத் திறந்தேன். ட்யூஷன் போற பைல ஏன்ப்பா ஒரு புத்தகம்கூட இல்ல? மைதானத்து மண்ணு ஒட்டின ஒரு ஜோடி ஷூ மட்டும் ஏன் இருக்கு?"

அம்மாவின் கால் தரையை அழுத்தியது. எந்த வண்டியும் நிற்கவில்லை.

அக்கா கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

அப்பாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய்யா, இந்த வீட்டிலா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பெரிய மகளை நிமிர்ந்து பார்த்தபோது வேறொன்று வந்து அதை அடைத்துக்கொண்டது. இவள் எப்போது இவ்வளவு உயரமானாள்? முழங்கையில் அந்தப் பழைய சிராய்ப்பு எப்போது பட்டது? தினமும் அவர் கண்ணெதிரேதான் போய் வந்திருக்கிறாள். 'லேட்டாகும்' என்று அவள் சொல்ல, 'ம்' என்று அவர் சொல்ல, அதோடு சரி.

"தெரியலடா கொக்கி" என்றார் மெதுவாக. "அது அக்காகிட்டத்தான் கேக்கணும்."

எழுந்து பெரியவள் பக்கத்தில் போனார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நாளெல்லாம் கேள்வி கேட்டே பிழைக்கிறவர், சொந்த மகளிடம் ஒரு வாக்கியத்துக்குத் தடுமாறினார்.

"அது... என்ன ஷூம்மா?"

அவர் திட்டுவார் என்று தோளை விறைத்துக்கொண்டு நின்றவளின் முகம் கலைந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்து அந்தப் பையை மடிமேல் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க என்கிட்ட ஏதாவது கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமாப்பா?" என்றாள்.

அம்மா ஈரக் கையைத் துடைக்காமலே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் விரல் பையின் ஜிப்பைப் பிடித்தது.

எத்தனை நாள் என்பது கொக்கிக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அது தன்னிடம் கேட்ட கேள்வி இல்லை என்பதால், வாழ்க்கையிலேயே முதல் முறையாக, பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.